17 நாள் தாமதம்

2018 டிசம்பர் 29க்குள் முடித்திருந்தால் உலக சாதனை. முடிந்தது 2019 ஜனவரி 15 அன்று. டெல்லி ஓப்பன் சதுரங்கப் போட்டியில் மூன்றாவது கிராண்ட்மாஸ்டர் நார்மை வாங்கியபோது குகேஷுக்கு வயது 12 ஆண்டு, 7 மாதம், 17 நாள். 2002இல் செர்ஜி கர்யாகின் வைத்த சாதனை சரியாக 12 ஆண்டு, 7 மாதம். உலகின் இரண்டாவது இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற செய்தியோடு ஒட்டிக்கொண்டே வந்தது, அந்தப் பதினேழு நாளை அவர் கோட்டைவிட்ட செய்தி.

அதற்குப் பிறகு ஆறு வருஷம்கூட ஆகவில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் திங் லிரனை வீழ்த்தி, 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். இப்போது அந்தப் பதினேழு நாளை யார் கேட்கிறார்கள்?

குகேஷ் சதுரங்கம் கற்றது 2013இல், ஏழு வயதில். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், பள்ளிக்கூடத்தில். அவ்வளவுதான் தொடக்கம். அதே வருஷம்தான் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்காக ஒரு கண்ணாடி அறைக்குள் மோதினார்கள். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடி அறையைப் பார்த்த பிள்ளைகளில் குகேஷும் ஒருவர். சனி, ஞாயிறுகளில் போட்டிக்குப் போக ஆரம்பித்து, 2015இல் ஒன்பது வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் பள்ளிகள் பட்டத்தை வென்றார். நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளி நின்றது. விளையாட்டு வேகம் பிடித்தது அங்கிருந்துதான்.

கிராண்ட்மாஸ்டர் ஆக மூன்று நார்ம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பொதுவாக ஒன்பது சுற்று. எதிராளிகளில் குறைந்தது மூன்று பேர் கிராண்ட்மாஸ்டர்கள். ஆட்டத்தின் தரம் 2600ஐத் தொட வேண்டும். இது போக ரேட்டிங் 2500 ஆக வேண்டும். இப்படிப்பட்ட போட்டிகள் அதிகம் நடப்பது ஐரோப்பாவில். ஆகவே ஊர் ஊராகப் போக வேண்டும், அதுவும் பிள்ளையோடு ஒரு பெரியவர் போக வேண்டும். குகேஷின் அப்பா காது, மூக்கு, தொண்டை அறுவை சிகிச்சை மருத்துவர். 2017-18இல் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு கிளம்பினார். வீடு அம்மாவின் சம்பளத்தில் ஓடியது. செலவுக்குப் பெற்றோரின் நண்பர்கள் கைகொடுத்தார்கள். மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கிய பிள்ளையின் வீட்டில் இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிப் போட்டுப் பார்ப்பதில்லை. பிள்ளையின் திறமையைப் பற்றி எழுதுகிறோம். தொழிலை மூடிவிட்டு வந்த அப்பாவைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இன்னொரு இளம் கிராண்ட்மாஸ்டரான பிரக்ஞானந்தாவின் வீட்டிலும் கதை வேறல்ல. அம்மாதான் கூடப் போவார், சமையல் சாமானையும் எடுத்துக்கொண்டு. எந்த நாடானாலும் பிள்ளைக்கு ரசமும் சாதமும் கிடைத்துவிடும். 2016இல் 10 வயது 10 மாதத்தில் உலகின் மிக இளைய இன்டர்நேஷனல் மாஸ்டர் (கிராண்ட்மாஸ்டருக்கு முந்தைய பட்டம்) ஆன பிள்ளை அது. உடனே எல்லோரும் கர்யாகின் சாதனைக்கு நாள் எண்ணத் தொடங்கினார்கள். 2018 மார்ச் 10 கெடு. கெடு கடந்தது. பட்டம் ஜூன் 23 அன்று, இத்தாலியில் வந்தது. பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை, ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் அந்தத் தேதியைப் பெரியவர்கள் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தால் அந்தப் பிள்ளை எப்படி நிம்மதியாகக் காய் நகர்த்தும்?

சாதனை இருந்தால்தான் ஸ்பான்சர் திரும்பிப் பார்ப்பார் என்று பெற்றோர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால், அந்த உண்மைக்குப் பிள்ளைகள் கொடுக்கிற விலை அதிகம். கர்யாகின் சாதனை கிட்டத்தட்ட 19 வருஷம் நின்றது. 2021இல் அமெரிக்கச் சிறுவன் அபிமன்யு மிஸ்ரா அதை 12 ஆண்டு, 4 மாதம், 25 நாளில் முறியடித்தார். அதற்காக மாதக்கணக்கில் புடாபெஸ்டில் தங்கி, நார்முக்கென்றே நடக்கும் போட்டிகளில் அடுத்தடுத்து ஆடினார். இனி அடுத்த பிள்ளைக்கு அதைவிடச் சின்ன வயது இலக்காகும்.

கர்யாகின் 2016இல் உலகப் பட்டத்துக்கு மோதித் தோற்றது யாரிடம்? 13 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆன கார்ல்சனிடம். ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை வாங்கியது 18 வயதில். கர்யாகினின் சாதனைப்படி பார்த்தால் இவர்கள் எல்லோரும் 'தாமதம்'தான்.

குகேஷின் சிறுவயதில் நான் முக்கியமாகப் பார்ப்பது வேறொன்று. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500ஐ எட்டும் வரை சிறந்த நகர்த்தலைக் கணித்துச் சொல்லும் கணினி எஞ்சின் பக்கமே பையனை விடவில்லை. உலகமே எஞ்சினை வைத்துத் தயாராகும் காலத்தில், சாதனைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது எடுத்த முடிவு இது. எந்த நகர்த்தல் சரி என்பதைப் பிள்ளையே தேட வேண்டும். தவறினால் ஏன் தவறியது என்பதையும் தானே கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். எஞ்சினைத் திறந்திருந்தால் ஓப்பனிங் சீக்கிரம் மனப்பாடம் ஆகியிருக்கும். ஒருவேளை பதினேழு நாளும் மிச்சமாகியிருக்கும்.

சென்னையில் வார இறுதியில் நடக்கிற எந்தக் குழந்தைகள் போட்டிக்கும் போய்ப் பாருங்கள். ரவுண்டு தொடங்கியதும் ஆர்பிட்டர் பெற்றோரை வெளியே அனுப்பிவிடுவார். கால் மணி நேரத்தில் முதல் குழந்தை வெளியே வரும். அப்படி வந்த ஒரு பையனுக்கு எட்டு வயது இருக்கும். அப்பா ஸ்கோர் ஷீட்டைக் கையில் வாங்கினார், செல்போனில் நகர்த்தல்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். "பதினாலாவது மூவ்ல குதிரையை எடுத்திருக்கணும்டா. பிளஸ் மூணு காட்டுது பாரு." பையன் ஏன் எடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். "இல்லப்பா, எடுத்தா அவன் ராணிய..." அதற்குள் அப்பா பதினெட்டாவது நகர்த்தலுக்குப் போய்விட்டார். அந்தப் பையன் குதிரையை விட்டதற்கு ஒரு காரணம் வைத்திருந்தான். அது தப்பான காரணமாகவே இருக்கட்டும். அதைக் கேட்பதுதானே பயிற்சி?

இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், நாம் எழுதும் தலைப்புகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஏழு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஜெயித்த பிள்ளைக்கு 'அடுத்த குகேஷ்' என்று பட்டம் கட்டுகிறோம். அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை ஆறு சுற்றில் இரண்டு புள்ளி எடுத்தால் அதை எழுத நாம் வருவதில்லை. வீட்டில் அந்த வெட்டிவைத்த செய்தித்தாள் மட்டும் சுவரில் இருக்கும்.

சிங்கப்பூர் உலகப் பட்டப் போட்டியின் பதினாலாவது, கடைசி ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். டிரா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், ஆனால் அது போதாத நிலை. அவர் கைகுலுக்கிவிட்டு எழவில்லை. நகர்த்திக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் திங் லிரன் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானைகளை வெட்டி எடுத்தார், அடுத்து மந்திரியை எதிராளியின் மந்திரிக்கு நேரே நிறுத்தினார். மந்திரிகளும் போனால் மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். அங்கே அந்த ஒரு சிப்பாய் போதும். 58ஆவது நகர்த்தலில் எல்லாம் முடிந்தது. மணிக்கணக்காகப் பலகையையே பார்த்துத் தானே கணக்குப் போடும் பழக்கம் ஒரு நாளில் வந்ததல்ல. எஞ்சின் இல்லாத அந்த வருஷங்களில் வந்தது.

பிரக்ஞானந்தா வீட்டில் இன்னொரு கிராண்ட்மாஸ்டரும் இருக்கிறார். அக்கா வைஷாலி 2500ஐத் தொட்டது 2023 டிசம்பரில், 22 வயதில். தம்பியைவிடப் பத்து வயது கூடி. அதற்குச் சில மாதம் கழித்து டொரண்டோவில் நடந்த பெண்கள் கேண்டிடேட்ஸ் போட்டியில் அடுத்தடுத்துத் தோற்றுத் தள்ளாடியவர், கடைசி ஐந்து ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தார். எட்டு வயதுப் பிள்ளையைப் போட்டிக்கு அழைத்துப்போகிற பெற்றோர், குகேஷின் பன்னிரண்டு வயதைப் படித்ததைப் போலவே வைஷாலியின் இருபத்திரண்டு வயதையும் படிக்க வேண்டும்.