ழான் பாரே: கடற்படையின் தடையை மீறி உலகைச் சுற்றியவர்

கடல்வழியே உலகைச் சுற்றிவந்த முதல் பெண்ணாக வரலாறு அறிந்திருப்பவர், பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் 1740-இல் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்த ழான் பாரே ஆவார். தாவரவியலாளர் கொமெர்சோனின் இல்லத்தைப் பராமரித்துவந்த அவர், பூகென்வில் தலைமையிலான அரசுப் பயணக்குழுவில் கொமெர்சோன் இயற்கை ஆய்வாளராக நியமிக்கப்பட்டபோது, பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பெண்கள் ஏறத் தடை இருந்தமையால், ஆணுடை தரித்து உதவியாளராக 1767-இல் 'எத்துவால்' என்னும் துணைக் கப்பலில் புறப்பட்டார். ஆய்வுக் கருவிகள் மிகுதியாக இருந்ததால் கப்பல் தலைவர் தம் அறையையே கொமெர்சோனுக்கு விட்டுக்கொடுத்தது, மாலுமிகளோடு பொது இடத்தில் தங்கும் நெருக்கடியிலிருந்து பாரேயைக் காத்தது.

மாறுவேடத்தைப் பற்றியே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அவருடைய உழைப்போ உரிய கவனம் பெறவில்லை. செடியைப் பூவோடும் இலையோடும் பறித்து, தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி, ஈரம் போக உலர்த்தி, கிடைத்த இடத்தைக் குறித்துவைப்பதே உலர்தாவரச் சேகரிப்பு எனப்படுவது. கால் புண்ணால் கொமெர்சோன் அவதியுற்றதால், மகெல்லன் நீரிணையின் குளிர்மிகு கரைகளில் அதற்கான பொருள்களையும் உணவையும் சுமந்து மலையேறியவர் பாரே. ரியோ டி ஜெனிரோவில் திரட்டப்பட்டு, பயணக்குழுத் தலைவரின் பெயரால் பூகென்வில்லியா என வழங்கும் காகிதப்பூச் செடியையும் அவரே பறித்திருக்கக்கூடும் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

1768-இல் தாஹித்தித் தீவினர் அவரைப் பெண்ணென்று கண்டுகொண்டதாகப் பூகென்வில் எழுதியிருப்பினும், உடன் பயணித்த பிறரின் குறிப்புகள் அதனோடு முரண்படுகின்றன. பின்னர் மொரீஷியஸில் இறங்கிய பாரேயும் கொமெர்சோனும் அங்கும் சேகரிப்பைத் தொடர்ந்தனர். 1773-இல் கொமெர்சோன் இறந்தபின், மதுக்கடை நடத்திப் பிழைத்த பாரே, அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் படைவீரர் ஒருவரை மணந்து, அவரோடு தாயகம் திரும்பியதன் வழியே உலகச் சுற்றை நிறைவுசெய்தார். அவர் ஏறுவதையே தடைசெய்திருந்த அதே கடற்படை, 1785-இல் அவருக்கு ஆண்டுக்கு 200 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) ஓய்வூதியம் வழங்கியது.

எழுபதுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் கொமெர்சோனின் பெயரைத் தாங்கியிருக்க, பாரேயின் நினைவாக அவர் சூட்ட விரும்பிய தாவரப் பெயரோ நிலைபெறவில்லை. பாரே 1807-இல் மறைந்தார்; கத்தரியும் சுண்டையும் மணத்தக்காளியும் அடங்கும் சொலானம் பேரினத்தைச் சேர்ந்த ஒரு தென்னமெரிக்கச் செடிக்கு 'சொலானம் பாரேட்டியே' என 2012-இல்தான் அவர் பெயர் இடப்பட்டது.