பார்மசியில் சீட்டு எப்போது வேண்டும்?

பாயான் பாரு கடைவரிசைகளில் பார்மசிக்குப் பஞ்சமில்லை. ஒவ்வாமை மாத்திரை கேட்டால் நாலு கேள்வி கேட்டுவிட்டுத் தருவார்கள். அமாக்சிசிலின் கேட்டால் ‘டாக்டர் சீட்டு எங்கே?’ என்பார்கள். ஆளைப் பார்த்து நடப்பதல்ல இது. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் போட்ட கோடு.

கட்டுப்பாட்டு மருந்துகளை அந்தச் சட்டம் பிரிவு பிரிவாக வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியவை பி, சி இரண்டும்தான். ஆன்டிபயாட்டிக், இரத்த அழுத்த மாத்திரை, மெட்ஃபார்மின் எல்லாம் பி. சீட்டில்லாமல் இவற்றைத் தர மருந்தாளருக்கு அதிகாரம் இல்லை. பல வருஷ வாடிக்கையாளர் என்றாலும் இல்லை. லோராடடின் போன்ற ஒவ்வாமை மருந்தும் அவசரக் கருத்தடை மாத்திரையும் சி. இங்கே சீட்டு வேண்டாம். விசாரித்து, கொடுக்கலாமா கூடாதா என்று மருந்தாளரே முடிவெடுப்பார். ஆனால் அவர் கண்பார்வையில்தான் விற்பனை நடக்க வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் பதிவேட்டில் ஏற வேண்டும். அவர் சாப்பிடப் போயிருந்தால் கல்லாவில் இருப்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பாரசிட்டமால் இந்த வளையத்துக்குள்ளேயே வராது.

பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். எண்களை அடுத்து ‘ஏ’ வந்தால் அது கட்டுப்பாட்டு மருந்து.

பிரிட்டனில் கூடுதல் பயிற்சி பெற்ற மருந்தாளர்கள் 2006 முதல் தாங்களே சீட்டு எழுதுகிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலம் 2007இல் அந்த வழிக்கு வந்தது. இங்கே அந்த அதிகாரம் இன்னும் வரவில்லை. சி பிரிவுதான் அதற்கு மிக அருகில் இருப்பது. பக்கத்திலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1972 முதல் மருந்தியல் கற்றுத் தருகிறது. அங்கே படித்து வருபவர்களின் அறிவில் பாதியைக்கூட நாம் பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம்.

அதற்கு ஒரு காரணம், கிளினிக்கிலேயே டாக்டர் மருந்தையும் கொடுத்துவிடுவது. சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் மருந்து வேண்டாம், சீட்டு மட்டும் போதும் என்று நீங்கள் கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் பார்மசியும் மருந்து விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதால் ஒப்பிட்டு வாங்குவதும் எளிது.

சர்க்கரை, அழுத்தம் என்று மாதாமாதம் மருந்து வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: டாக்டர் வேறு குறிப்பு எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து தரலாம். எத்தனை தடவை வாங்கலாம் என்பதை அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.