ஒரே வாக்கியம், மூன்று ராஜ்யம்

பாலக்காட்டில் பஸ் ஏறினால் சிற்றூருக்கு அரை மணி நேரம்தான். (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, இது தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் கேரளச் சிற்றூர்.) வழியெல்லாம் வயலும் பனையும், எல்லை என்று சொல்ல ஒரு கல்கூடக் கண்ணில் படாது. ஆனால் 1910-ல் இந்த வழியாக மாட்டு வண்டியில் போனவர் ஓர் அரசரின் மண்ணிலிருந்து இன்னோர் அரசரின் மண்ணுக்குப் போனார். பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் ராஜா லண்டனில் இருந்தார். சிற்றூரோ கொச்சி மகாராஜாவுடையது. இன்றைக்கு இடுக்கி என்கிறோமே, அந்தத் தேவிகுளமும் மறையூரும் பீர்மேடும் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தன.

“திருவிதாங்கூர் அரண்மனையில் வீண்செலவு நடக்கிறது” என்று அந்தக் காலத்தில் ஒருவர் அச்சடித்தால் அது குற்றமா? எதை எழுதினார் என்று கேட்பதற்கு முன், எந்த ஊரில் நின்று எழுதினார் என்று கேட்க வேண்டியிருந்தது.

எழுதிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. நெய்யாற்றின்கரைக்காரரான கே. ராமகிருஷ்ண பிள்ளை. வக்கம் அப்துல் காதர் மௌலவி சொந்தப் பணத்தில் அச்சகம் வைத்து 1905-ல் தொடங்கிய ‘சுதேசாபிமானி’ பத்திரிகைக்கு மறு ஆண்டு ஆசிரியராக வந்தார். திவான் பி. ராஜகோபாலாச்சாரியையும் அரண்மனையைச் சுற்றி நடந்த ஊழலையும் பிள்ளை விட்டுவைக்கவில்லை. முதலாளியான மௌலவியும் அவர் பேனாவைப் பிடித்து இழுக்கவில்லை. பத்திரிகை உலகத்தில் இது அன்றும் அபூர்வம், இன்றும் அபூர்வம்.

1910 செப்டம்பர் 26 அன்று ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. பத்திரிகைக்குத் தடை, அச்சகம் பறிமுதல், ஆசிரியருக்கு நாடுகடத்தல். குற்றப்பத்திரிகை, சாட்சி, நீதிபதி எதுவும் கிடையாது. போலீஸ் அவரை எல்லை தாண்டித் திருநெல்வேலிச் சீமையில் கொண்டுபோய் விட்டது.

வழக்கே இல்லாமல் இது எப்படிச் சட்டமாகும்? அங்கே சட்டம் ஊறும் கிணறே மகாராஜாதான். அவர் கையெழுத்துப் போட்ட தாள் சட்டம். அதைச் செல்லாது என்று சொல்ல மேலே ஒரு கோர்ட் இல்லை. திருவிதாங்கூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1750-ல் மார்த்தாண்ட வர்மா ராஜ்யம் முழுவதையும் பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, தானும் தன் வாரிசுகளும் ‘பத்மநாப தாசர்கள்’ என்று அறிவித்துவிட்டார். அதன்பின் அரசரைக் குறை சொல்வது ராஜத் துரோகமா, தெய்வ நிந்தனையா என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம்.

இத்தனை அதிகாரத்துக்கும் வேலி ஒன்று இருந்தது. திருவிதாங்கூர் எல்லையான ஆரல்வாய்மொழிக்கு இந்தப்புறம் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் ராஜத் துரோகச் சட்டம், அதாவது தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு, காத்தது பிரிட்டிஷ் மகுடத்தையும் பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தையும்தான். சுதேச ராஜாக்களை அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்பு அதே திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரனாருக்கு அந்தப் பிரிவின் கீழ்தான் தண்டனை விழுந்தது. அந்த ஊருக்குள் பிள்ளையோ சுதந்திர மனிதராக நடந்து போனார். வெள்ளைக்காரனைத் திட்டிய பாரதி பிரெஞ்சு மண்ணான புதுச்சேரியில் ஒதுங்கியிருந்தார். சுதேச மன்னரைத் திட்டிய பிள்ளைக்கு வெள்ளைக்காரன் மண்ணே ஒதுங்க இடமானது.

பிள்ளை சென்னையில் சில காலம் இருந்துவிட்டுப் பாலக்காட்டுக்கு வந்தார். எழுத்தாளர் தரவத்து அம்மாளு அம்மா அந்தக் குடும்பத்துக்கு அடைக்கலம் தந்தார். நாடுகடத்தப்பட்ட அந்த வருஷங்களில்தான், 1912-ல், கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதினார். பத்திரிகைத் தொழிலுக்கு ஒரு பாடநூலும் எழுதினார். பத்திரிகையைப் பறித்தவர்களால் பாடத்தைப் பறிக்க முடியவில்லை. திருவிதாங்கூருக்கு அவர் திரும்பவே இல்லை. 1916 மார்ச் 28 அன்று கண்ணூரில் இறந்தபோது வயது 37.

வேலியில் ஓட்டை இருப்பது மன்னர்களுக்கும் தெரியும். 1910-லேயே வந்த பிரிட்டிஷ் பத்திரிகைச் சட்டம், சுதேச மன்னர்கள்மீது வெறுப்பைத் தூண்டும் எழுத்தையும் சேர்த்துக்கொண்டது. அது வேலை செய்த விதம் தந்திரமானது. புதிதாக அச்சகம் வைப்பவரிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்கலாம். எழுத்து பிடிக்கவில்லை என்றால் தொகை போய்விடும். எழுதுகிறவனை விட்டுவிட்டு அச்சடிக்கிறவனின் மடியில் கைவைப்பது! 1922-ல் இந்தச் சட்டம் ரத்தானது. மன்னர்கள் பதறினார்கள். அவர்களைக் காக்க ஒரு தனி மசோதா வந்தபோது, மத்திய சட்டசபை அதை உள்ளே எடுக்கவே மறுத்தது. வைஸ்ராய் ரீடிங் பிரபு தன் தனி அதிகாரத்தால் அதைச் சட்டமாக்கினார். சுதேச மன்னர்மீது துவேஷம் வளர்த்தால் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஐந்து ஆண்டுவரை சிறை. அதாவது, பிள்ளைக்குக் கிடைத்த பாலக்காடு அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைக்காது.

அப்படியும் எல்லை தாண்டுவது நிற்கவில்லை. 1938-ல் சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது ‘மலையாள மனோரமா’ அச்சகத்துக்குச் சீல் வைத்தார்கள். பத்திரிகை கொச்சி ராஜ்யத்தின் குன்னங்குளத்துக்குப் போய்ச் சில மாதம் வெளிவந்தது.

மன்னராட்சி போன பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் வியப்பு. 1950 மார்ச்சில் சென்னை அரசு, பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் தன் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவிட்டது. பாலக்காடு அப்போது சென்னை மாநிலம். சிற்றூரும் தேவிகுளமும் திருவிதாங்கூர்-கொச்சி. ஆக, முன்பு அடைக்கலம் தந்த பாலக்காட்டில் இதழுக்குத் தடை. கொச்சி, திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய மண்ணை அந்த உத்தரவு தொடவே இல்லை. இதழாசிரியர் ரமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு தடையைத் தூக்கியெறிந்தது: இப்படிப்பட்ட தடைக்கு அரசியல் சாசனம் அனுமதிக்கும் காரணம் ‘நாட்டின் பாதுகாப்பு’, சாதாரண ‘பொது ஒழுங்கு’ அதற்குச் சமமாகாது என்று. மறு ஆண்டே முதல் சாசனத் திருத்தம் வந்து, பொது ஒழுங்கையும் பட்டியலில் சேர்த்தது. கூடவே ‘அந்நிய நாடுகளுடன் நட்புறவு’ என்று ஒரு காரணத்தையும் நுழைத்தது. உள்ளூர் ராஜா போன வாசல் வழியாக வெளியூர் ராஜா வந்து உட்கார இடம் போட்ட மாதிரி இருக்கிறது அதைப் படித்தால்.

1956 நவம்பர் 1 அன்று பாலக்காடும் சிற்றூரும் தேவிகுளமும் ஒரே மாநிலமாயின. மௌலவியிடமிருந்து பறித்த அச்சகத்தைக் கேரள அரசு அதன் பிறகே அவர் குடும்பத்திடம் ஒப்படைத்தது. மௌலவி அப்போது உயிரோடு இல்லை. 1932-லேயே போய்ச் சேர்ந்திருந்தார்.