திட்டமும் நடப்பும்: தாமிரபரணிப் பள்ளத்தாக்கு கற்பிக்கும் பாடங்கள்

குளத்துக்குக் கரை உயர்த்தவோ, கிணறு தோண்டவோ, பள்ளிக்கூடத்துக்கு ஓர் அறை கட்டவோ முற்படும் பஞ்சாயத்து முதலில் ஒரு திட்டம் வகுக்கிறது. இவ்வளவு செலவு, இவ்வளவு காலம், இவ்வளவு பலன் என்று தாளில் எழுதப்படுகிறது. வேலை முடிந்தபின் பார்த்தால் செலவு கூடியிருக்கும், காலம் நீண்டிருக்கும், பலனும் எண்ணியபடி இராது. 'நினைப்பது ஒன்று, நடப்பது ஒன்று' என்று பெருமூச்சு விட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அதிகாரிகளைக் குறை கூறுவோரும் உண்டு. மழையைக் குறை கூறுவோரும் உண்டு. ஆனால், திட்டத்துக்கும் நடப்புக்கும் இடையே விழுந்த வித்தியாசம் எங்கே தோன்றியது, ஏன் தோன்றியது என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர் மிகச் சிலரே. அந்தக் கணக்கைப் பாராத ஊர், ஒரே தவற்றுக்கு இரண்டாம் முறையும் பணம் கொடுக்க நேரிடும்.

இதனை விளக்கத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. இங்கே பல நூற்றாண்டுகளாக மக்கள் நீருக்குத் திட்டம் வகுத்து வந்திருக்கிறார்கள். சில திட்டங்கள் எண்ணியதற்கு மேலும் பலனளித்தன. சில திட்டங்கள் நம்மைக் காக்க வைத்தன. இரண்டிலுமே பாடம் உண்டு.

எட்டு அணைக்கட்டுகள்

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் இந்த ஆற்றுக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நீரளிக்கின்றன. அதனாலேயே இங்குக் கார், பிசானம் என இருபோகம் விளைகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் ஆற்றின் குறுக்கே உள்ளன. இவற்றுள் முதல் ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு இன்றும் உறுதியாக நிற்கிறது. எனினும், அணைக்கட்டுக்கு மேற்புறம் ஆண்டுதோறும் வெள்ளம் கொண்டுவந்த மணலும் வண்டலும் படிந்து, நீர் தேங்கும் இடம் மேடிட்டுப் போயிற்று. அமலைச் செடியும் முட்புதரும் மண்டின. இறுதியில் வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று, 2015-ஆம் ஆண்டில் தூர் வாரும் பணி தொடங்கியது. கட்டடத்துக்குப் போட்ட திட்டத்தில் பிழை இல்லை. பராமரிப்புக்கு விடாத கவனம் இல்லாமற் போனதே குறை. கட்டும் செலவை மட்டும் எழுதிக் காக்கும் செலவை எழுதாத மதிப்பீடு பாதி மதிப்பீடே என்பது இதனால் விளங்கும்.

மணிமுத்தாற்றின் முறைவைப்பு

தாமிரபரணியின் கிளையாறாகிய மணிமுத்தாற்றில் 1950-களில் அணை கட்டப்பட்டது. அதன் முழு உயரம் 118 அடி. கொள்ளளவு சுமார் ஐந்தரை டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி நீர். மானாவாரியாய்க் கிடந்த நிலங்களுக்கு நீர் கொடுக்கும் நோக்கத்துடன் பிரதானக் கால்வாய் வெட்டப்பட்டு, நான்கு ரீச்சுகளாகப் பிரிக்கப்பட்டது.

இந்த அணை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே நிரம்ப வேண்டியிருக்கிறது. மழை குறைந்தால், அல்லது பிந்தினால், நான்கு ரீச்சுகளுக்கும் ஒருசேர நீர் விடுவதற்கு இருப்பு போதாது. ஆகவே இரண்டிரண்டு ரீச்சுகளாக முறைவைத்து முன்னுரிமை தரும் வழக்கம் ஏற்பட்டது. இதைத் தோல்வி என்று சொல்வது தகாது. தாளில் இருந்த திட்டம் ஆற்றின் இயல்பைக் கண்டு தன்னைத் திருத்திக்கொண்டது என்றே கொள்ள வேண்டும். முறை இன்ன ஆண்டு இன்ன பகுதிக்கு என்று முன்கூட்டியே அறிந்த விவசாயி அதற்கேற்பப் பயிரைத் தேர்ந்துகொள்ளலாம். அறியாதவன் நாற்றுப் பாவிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நதிகளை இணைத்த கால்வாய்

இனி நம் காலத்துத் திட்டத்துக்கு வருவோம். தாமிரபரணியில் வெள்ளக் காலத்தில் கடலுக்குச் செல்லும் உபரி நீர் ஆண்டுக்குச் சராசரியாக 13.7 டி.எம்.சி. என்று கணக்கிடப்பட்டது. அதில் ஐந்தில் ஒரு பங்கான 2.765 டி.எம்.சி.யைக் கன்னடியன் கால்வாய் வழியாக எடுத்து, வெள்ளாங்குழியிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய வெள்ளநீர்க் கால்வாய் வெட்டி, கருமேனியாறு, நம்பியாறு ஆகியவற்றோடு இணைத்து, எம்.எல். தேரி வரை கொண்டுசெல்வது என்று முடிவாயிற்று. நாங்குநேரி, இராதாபுரம், சாத்தான்குளம், திசையன்விளை வட்டாரங்களின் வறண்ட நிலங்களுக்கு இது நீண்டநாள் கனவு. 252 குளங்களும் 5,220 கிணறுகளும் பயன்பெறும். 23,040 ஹெக்டேர் நிலம் பாசனம் பெறும். அதில் 6,038 ஹெக்டேர் புதிய பாசனம் என்று திட்டம் கூறியது.

2009-ஆம் ஆண்டில் பணி தொடங்கியபோது மதிப்பீடு 369 கோடி ரூபாய். 2025 பிப்ரவரியில் கால்வாய் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது செலவு சுமார் 1,060 கோடி ரூபாய். இடையில் பதினாறு ஆண்டுகள். செலவு ஏறத்தாழ மூன்று மடங்கு. நான்கு கட்டப் பணிகளில் முதலிரண்டு கட்டங்கள் முன்னே நடக்க, பின்னிரண்டு கட்டங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. நிலம் எடுப்பதில் காலம் சென்றது. பொன்னாக்குடியில் நான்குவழிச் சாலையைக் கடக்கப் பாலம் அமைப்பதிலும் காலம் சென்றது. காலம் செல்லச் செல்ல விலைவாசியும் நிலமதிப்பும் ஏறின.

கால்வாய் என்பது சங்கிலியைப் போன்றது. எழுபது கிலோமீட்டர் வெட்டி முடித்தாலும், நடுவே ஒரு சாலை குறுக்கிட்டால் அப்பாலுள்ள குளத்துக்கு ஒரு சொட்டு நீரும் போகாது. எனவே, திட்டம் வகுப்போர் எளிதான பகுதியை முதலில் முடித்துக் கடினமான பகுதியைக் கடைசிக்கு வைப்பது, செலவு செய்த பணத்தை முடக்கி வைப்பதற்குச் சமமாகும். ஊரில் ஒரு வரத்துக்கால் வெட்டும்போதும் இதுவே உண்மை. எவருடைய நிலத்தின் வழியே கால் செல்ல வேண்டுமோ, அவருடைய சம்மதத்தை முதலில் பெறவேண்டும். மண்வெட்டியைப் பிறகு எடுக்கலாம்.

பத்து நாள் கணக்கு

இக்கால்வாயைப் பற்றி விவசாயப் பெருமக்கள் தாமே போட்டுப் பார்க்கத்தக்க ஒரு கணக்கு உண்டு. கால்வாயின் கொள்திறன் விநாடிக்கு 3,200 கன அடி. இந்த அளவில் ஒரு நாள் முழுவதும் ஓடினால் சுமார் 27.65 கோடி கன அடி நீர் செல்லும். 2.765 டி.எம்.சி., அதாவது 276.5 கோடி கன அடி, செல்ல வேண்டுமானால் பத்து நாட்கள் முழு அளவில் ஓட வேண்டும். பாதி அளவில் ஓடினால் இருபது நாட்கள் வேண்டும். ஆற்றில் உபரி வெள்ளம் ஐந்தே நாள் நின்று வடிந்துவிட்டால், முழு அளவில் எடுத்தாலும் பாதி நீரே கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2016 போன்ற ஆண்டில் உபரி என்ற பேச்சுக்கே இடமிராது. சராசரி என்பது நல்ல ஆண்டையும் பஞ்ச ஆண்டையும் கூட்டி வகுத்த எண்; எந்த ஓர் ஆண்டுக்கும் அது வாக்குறுதி ஆகாது.

மற்றொரு கணக்கையும் காண்போம். 23,040 ஹெக்டேர் என்பது சுமார் 57,000 ஏக்கர். திட்டமிட்ட நீர் முழுவதும், வழியில் சேதாரமின்றி, இந்நிலத்தில் பரவினால் ஏறத்தாழ 13 அங்குல உயரம் நிற்கும். நெற்பயிருக்கோ மூன்று முதல் நான்கு அடி நீர் தேவை. ஆகவே இந்த நீர், மழையோடு சேர்ந்து குளத்தை நிரப்பவும், கிணற்றில் ஊற்றை உயர்த்தவும், புன்செய்ப் பயிரைக் காப்பாற்றவும் உதவுமேயன்றி, தனியே நின்று நஞ்சையை வளர்க்காது. கால்வாய் வந்துவிட்டதே என்று வாழையும் நெல்லும் பயிரிட எண்ணும் விவசாயி இக்கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். ஏமாற்றம் பல வேளைகளில் திட்டத்தின் குறையால் வருவதன்று. திட்டம் சொல்லாததை நாம் எதிர்பார்த்ததால் வருவது.

2023 டிசம்பர்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இப்பள்ளத்தாக்கு எளிதில் மறவாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது மிகுதி. தாமிரபரணியில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் பாய்ந்தது. பல குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் இரயிலில் வந்த பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டனர். உயிரும் உடைமையும் இழந்தோர் பலர்.

வெள்ளநீர்க் கால்வாய் இருந்தால் வெள்ளம் வராது என்று எண்ணுவோர் சிலர் உண்டு. 3,200 கன அடி என்பது ஒரு லட்சம் கன அடியில் முப்பதில் ஒரு பங்கே. வெள்ளத்தின் ஒரு கையளவை வறண்ட நிலத்துக்கு எடுத்துச் செல்வது அதன் வேலை. ஊரை வெள்ளத்திலிருந்து காப்பது அதன் வேலையன்று. ஊரைக் காப்பவை குளத்தின் கரை, கலிங்கு, ஆக்கிரமிப்பில்லாத ஓடை, உரிய வேளையில் கிடைக்கும் எச்சரிக்கை ஆகியவையே. நேற்றைய மழையை அளவாகக் கொண்டு அமைத்த கலிங்கு நாளைய மழைக்குப் போதுமா என்ற கேள்வியை ஒவ்வொரு குளத்தின் கரையிலும் நின்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

நாடு கற்ற பாடம்

திட்டத்தையும் நடப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கிற்று. ஐந்தே ஆண்டுகளில், 1957-ல், பல்வந்தராய் மேத்தா தலைமையில் அமைந்த குழு அதனைப் பரிசீலித்தது. மக்கள் தாமே முன்வந்து பங்கெடுப்பார்கள் என்று திட்டம் எண்ணியது. அவ்வாறு நிகழவில்லை என்பதைக் குழு மறைக்காமல் எடுத்துரைத்தது. பொறுப்பையும் அதிகாரத்தையும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் கூறியது. மூன்றடுக்குப் பஞ்சாயத்து முறை அந்த ஆராய்ச்சியின் பயனாகும். குறையை ஒப்புக்கொண்டதிலிருந்தே நம் பஞ்சாயத்துகள் வலிமை பெற்றன என்பதை உறுப்பினர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

வித்தியாசம் மூவகை

திட்டத்துக்கும் நடப்புக்கும் இடையே உள்ள வித்தியாசம் அனைத்தும் ஒரே தன்மையுடையதன்று. அதனை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, எவராலும் முன்னறிய இயலாதது. ஒரே நாளில் பெய்த 95 சென்டிமீட்டர் மழை இவ்வகையைச் சேர்ந்தது. இதற்கு யாரையும் பழிப்பதில் பயனில்லை. ஆயினும் நிகழ்ந்தபின் அதனை அடுத்த மதிப்பீட்டில் சேர்க்காவிடில் அது நம் குற்றமாகும்.

இரண்டாவது, கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடியது. எந்த மடை எப்போதும் அடைபடும், எந்தக் கரையில் நண்டு துளைக்கும், எந்தப் பக்கம் வெள்ளம் முதலில் ஏறும் என்பன ஊர்ப் பெரியவர்களுக்கும் மடை திறப்போருக்கும் தெரியும். அவர்களை ஒரு நாள் கரையில் நடக்கவிட்டு உடன் நடந்தால் மதிப்பீட்டில் பாதிப் பிழை நீங்கும்.

மூன்றாவது, தெரிந்தும் செய்யாமல் விட்டது. வண்டல் படியும் என்பது தெரியும். சீமைக் கருவேல் வரத்துக்காலை அடைக்கும் என்பதும் தெரியும். இவ்வகை வித்தியாசத்துக்கு மழையையோ சர்க்காரையோ சாட்சிக்கு அழைப்பது முறையாகாது.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

ஒவ்வொரு பஞ்சாயத்திலும் 'திட்டமும் நடப்பும்' என்ற பெயரில் ஒரு புத்தகம் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில், வேலையின் மதிப்பீடு, முடிய வேண்டிய நாள், எதிர்பார்த்த பலன். எதிர்ப்பக்கத்தில், ஆன செலவு, முடிந்த நாள், கண்ட பலன். கீழே, வித்தியாசம் மேற்சொன்ன மூன்றில் எவ்வகை என்று இரண்டே வரி. குளமாயின், நீர் வந்த தேதி, எத்தனை நாள் வந்தது, மடையில் எத்தனை அடி நின்றது, கடைமடை நிலத்துக்கு நீர் எட்டியதா என்பவற்றையும் குறிக்க வேண்டும். இதற்குப் பொறியாளர் வேண்டுவதில்லை. எழுதத் தெரிந்த ஒருவரும் மடையருகே நட்ட ஓர் அளவுகோலும் போதும்.

உலக நீர் நாளாகிய மார்ச் 22-ல் கிராம சபை கூடுகிறது. பிசான அறுவடை முடிந்து நீரின் வரவு செலவு தெளிவாகத் தெரியும் காலம் அது. அன்று இப்புத்தகத்தை உரக்கப் படிக்கட்டும். குற்றம் சாட்டுவதற்காகப் படித்தால் மறு ஆண்டு எவரும் உண்மையை எழுதமாட்டார். கற்றுக்கொள்வதற்காகப் படிக்க வேண்டும். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் வகுக்கும்போது, சென்ற மூன்று ஆண்டுகளின் பக்கங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்களை எழுத வேண்டும். மேல்துறைகளுக்கு விண்ணப்பம் அனுப்பும்போதும், 'எங்கள் குளத்துக்கு நீர் வரவில்லை' என்று பொதுவாக எழுதுவதைவிட, 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஆறு நாள் வந்தது, மடையில் மூன்றடி நின்றது, கடைமடை நாற்பது ஏக்கருக்கு எட்டவில்லை' என்று எழுதினால், அதற்கு மறுமொழி கூறாமல் இருக்க எந்த அலுவலகத்தாலும் முடியாது.

பதினாறு ஆண்டுகள் காத்திருந்து ஒரு கால்வாய் நம் வாயிலுக்கு வந்திருக்கிறது. அது கொண்டுவரும் நீரைக் குளத்தில் நிறுத்துவதும், வெளியே வடியவிடுவதும் இனி ஊரார் கையில் இருக்கிறது. வருகிற பருவத்துக்கு முன் வரத்துக்காலைச் செப்பனிடுங்கள். மடையருகே அளவுகோலை நடுங்கள். முதல் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.