தொட்டிலுக்கு முன் பெயர்

பிள்ளைப்பேறு நெருங்கும் வீடுகளுக்கு நாம் செல்லும்போது, பழஞ்சேலை மடித்திருக்கும், காயச்சரக்கும் வாங்கியிருக்கும். "பெயர் யோசித்தாயிற்றா?" என்று கேட்டால் மட்டும், "பிறகு பார்ப்போம்" என்பார்கள். இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இந்தப் "பிறகு" ஆபத்தானது.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, கல்முனை வைத்தியசாலைக்கு ஒரு கைக்குழந்தை கொண்டுவரப்பட்டது. வீட்டில் அவனுக்குப் பெயர் இருந்தது. சொல்லத்தான் அருகில் ஆளில்லை. அன்று அனுமதிக்கப்பட்டோரில் 81ஆவது என்பதால் "குழந்தை 81" ஆனான். மரபணுப் பரிசோதனையின் பின், 2005 பெப்ரவரியில்தான் பெற்றோரின் கைக்கு வந்தான். ஓட நேரும் மக்களுக்குப் பெயர் நாவில் இருந்தால் போதாது. எழுத்திலும் இருக்க வேண்டும்.

சட்டப்படி 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பல வீடுகளில் 31ஆம் நாள் துடக்குக் கழித்தே பெயர் வைப்பார்கள். மிஞ்சுவது 11 நாட்களே. மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு, அதற்கான ஆவணங்கள், அலைச்சல். பதிவும் பிள்ளை பிறந்த இடத்திலேயே நடக்கும். படுவான்கரைத் தாய் மட்டக்களப்பு வைத்தியசாலையில் பெற்றால், பதிவுக்காக வாவியைக் கடந்து வர வேண்டும்.

ஆகவே எட்டாம் மாதத்திலேயே தாயும் தகப்பனும் பெரியவர்களும் கூடியிருந்து, ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று பெயரை முடிவுசெய்யுங்கள். பெற்றோர் பெயர்களை அடையாள அட்டையில் உள்ளவாறே எழுத்துப் பிசகாமல் எழுதி, கிளினிக் அட்டையோடு வையுங்கள். நாளை பெர்மிட் காணியைப் பிள்ளையின் பெயருக்கு மாற்றும்போது, ஓர் எழுத்து மாறினாலும் அலைய நேரிடும்.

மாரிக்கு முன்பே விதைநெல் எடுத்து வைப்பவர்கள் நாம். பெயரையும் அப்படியே எடுத்து வைப்போம்.