சிறு விடுதி வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் மொத்தமாகக் கைக்கு வரும்போது பலருக்கும் தோன்றும் யோசனை ஒன்று உண்டு. கேமரன்மலையிலோ பினாங்கிலோ ஒரு பழைய வீட்டை வாங்கி, நாலைந்து அறைகளை வாடகைக்கு விட்டு, காலைப் பசியாறலும் கொடுத்துச் சிறு விடுதியாக நடத்தலாம் என்பதே அது. யோசனையில் தவறில்லை. ஆனால் விற்பவர் காட்டும் கணக்கை வாங்குபவர் தாமே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

6 அறைகள், அறைக்கு ஓர் இரவு 120 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் நிரம்பினால் 262,800 வெள்ளி. விற்பவர் வாயில் முதலில் வருவது இந்தத் தொகைதான். பள்ளி விடுமுறையில் கேமரன்மலையில் அறை கிடைப்பது கடினம் என்பது உண்மையே. செவ்வாய், புதன் என்றால் நிலைமை வேறு. பாதி இரவுகள் நிரம்பினால் 131,400. முன்பதிவெல்லாம் இணையம் வழி வந்து, அதற்குத் தரகு 15 விழுக்காடு என்றால், மாதத்திற்கு மிஞ்சுவது ஏறத்தாழ 9,300 வெள்ளி. வங்கித் தவணை 4,500. ஒரு வேலையாளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. சேமநிதியும் சொக்சோவும் தனி. கையில் நிற்பது 3,100. மின்சாரம், தண்ணீர், படுக்கை விரிப்புச் சலவை, ரொட்டி, முட்டை, காப்புறுதி, ஒழுகும் கூரை எல்லாம் இதில்தான். விடியற்காலை எழுந்து இட்லி அவிக்கும் கணவன் மனைவிக்குச் சம்பளம் எங்கே? நிரம்பும் இரவுகள் 30 விழுக்காடாகக் குறைந்தாலோ, தவணைக்கும் சம்பளத்திற்குமே மாதம் 600 வெள்ளி கைப்பணம் போட வேண்டிவரும்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது மூன்றாண்டு வங்கிக் கணக்கும் வருமான வரிக் கணக்கும். 2020 மார்ச் முதல் 2022 ஏப்ரல் வரை நாட்டின் எல்லைகள் மூடிக் கிடந்த காலத்தை அவர் எப்படிச் சமாளித்தார் என்பதையும் கேட்கலாம். ஒரு புதன்கிழமை இரவு சாதாரண வாடிக்கையாளராகப் போய்த் தங்கி, எத்தனை அறைகளில் விளக்கு எரிகிறது என்று பார்ப்பது இன்னும் நல்லது.

அடுத்தது உரிமம். வீடு கைமாறினால் விடுதி உரிமமும் தானாகக் கைமாறும் என்று நினைக்கக் கூடாது. ஊராட்சி மன்றத்திலும் தீயணைப்பு, மீட்புத் துறையிலும் விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். ஜோர்ஜ்டவுன் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம். அங்குள்ள பாரம்பரிய வட்டாரத்தில் பழைய கடைவீடு வாங்கினால் அனுமதியின்றிச் சுவரை இடித்துக் குளியலறை கட்ட முடியாது. அடுக்குமாடி வீடு என்றால் குறுகியகால வாடகையை நிர்வாகக் கழகம் தடை செய்யலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்துள்ளது.

‘ஹோம்ஸ்தே’ என்று பலகை மாட்டினால் போதும் என்று எண்ணுவோரும் உண்டு. அரசாங்கத்தின் ஹோம்ஸ்தே திட்டத்தில் விருந்தினர் வீட்டாருடனேயே தங்குவர். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுப்பது அதில் சேராது. 2017 செப்டம்பரில் தொடங்கிய சுற்றுலா வரியும் இருக்கிறது: வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவு 10 வெள்ளி. 6 அறை விடுதி அதை வசூலித்துச் சுங்கத் துறைக்குக் கட்டியாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லையென்றால், ஓராண்டு குத்தகைக்கு எடுத்து நடத்திவிட்டு, பிறகு விலை பேசலாமா என்று விற்பவரிடம் கேட்கலாம். சேமநிதிப் பணம் அதுவரை வங்கியிலேயே இருக்கட்டும்.