பிடியரிசியும் அசனச் சோறும்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டு ஊர்களின் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை அடுப்பங்கரையில் இரண்டு அரிசிப் பானைகள் இருக்கும். பெரியது வீட்டுக்கு, சின்னது கோயிலுக்கு. உலை வைத்ததும் அரிசியைப் படியால் அளந்து சுளகில் கொட்டுவார்கள். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சின்னப் பானையில் போட வேண்டும். மூட்டையிலிருந்து தனியாக எடுத்துப் போட்டால் அது கணக்கில் சேராது. இன்றைக்குச் சாப்பிட என்று அளந்த அரிசியில்தான் அந்தப் பிடி குறைய வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த வேலை பிள்ளைகளுடையது. "உன் கையால போடுல" என்பாள் அம்மா. பிள்ளையின் கை சின்னது, காணிக்கை குறைந்துபோகும் என்று யாரும் கவலைப்பட்டதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்து அக்காமார் கடகப்பெட்டியோடு வீடு வீடாக வருவார்கள். மாடி வீட்டுப் பொன்னியும் கூரை வீட்டு ரேஷன் அரிசியும் ஒரே பெட்டியில் விழும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. அந்தக் கலப்பரிசியைச் சபையாரே விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். பணம் சில ஊர்களில் உபதேசியார் சம்பளத்துக்குப் போகும், சில ஊர்களில் ஏழை விதவைகளுக்கு, பல ஊர்களில் வெளியூர் ஊழியத்துக்கு.

இந்தப் பிடியரிசி சின்னக் காரியமில்லை. ஞாயிறு பள்ளியில் சாறிபாத் ஊர் விதவையின் கதையைச் சொல்லித் தருவார்கள். பஞ்ச காலத்தில் பானையில் மிஞ்சியிருந்த கடைசிப் பிடி மாவில், தனக்கும் மகனுக்கும் முன்னால் எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்தவள் அவள். காலையில் தன் தட்டுக்குரிய அரிசியில் ஒரு பிடி குறைத்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்தக் கதைக்கு விளக்கவுரை தேவைப்படாது. பிரசங்க மேடையிலிருந்து எத்தனையோ அருமையான வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை மறந்துபோயின. அந்த ஒரு பிடி அரிசியின் சொரசொரப்பு உள்ளங்கையில் இருக்கிறது.

தெற்கத்தி மக்களுக்கு மட்டும் தோன்றிய யோசனையும் இல்லை இது. வடகிழக்கே மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் இதே வழக்கத்தைத் தொடங்கினார்கள். 'புஃபாய் தாம்' என்பது அவர்கள் அதற்கு வைத்த பெயர். அங்கேயும் சோறு சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி தனியே போகும். இன்றுவரை அது நிற்கவில்லை. கையில் காசு புழங்காத மக்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் ஆளுகைக்குள் இருந்த ஒரே இடமான அடுப்பங்கரையிலிருந்து ஒரு சபையைத் தாங்கினார்கள். சபைச் சரித்திரத்தில் கோபுரம் கட்டிய குருமாரின் பெயர்கள் உண்டு. பானை வைத்திருந்த பெண்களின் பெயர்கள் இல்லை.

எங்கள் தெற்கிலும் அப்படித்தான். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தபோது, அது சீமையிலிருந்து வரும் பணத்தை நம்பவில்லை. ஊழியர்களும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில் என்பது அதன் கொள்கை. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் பனங்காட்டு ஊரான வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். சங்கம் தன் முதல் ஊழியரை அனுப்பியது நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல் பகுதிக்கு. திருநெல்வேலிச் சிற்றூர்க்காரர்களின் சிறுசிறு காணிக்கைகள் தெலுங்கு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பனையேறியும் கருப்பட்டி காய்ச்சியும் பிழைத்த குடும்பங்களுக்குத் 'தாங்களும் கொடுக்கிறவர்கள்' என்ற நிமிர்வை அது தந்தது. வாங்கிக்கொள்கிற சபை கொடுக்கிற சபையாக மாறியது என்று இதை வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். நடந்தது வீட்டுக்கு வீடு, வேளைக்கு வேளை.

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தையும் சொல்ல வேண்டும். முதல் வாழைத்தார், முதல் முருங்கைக்காய்க் கட்டு, கோழி, கருப்பட்டி, தையல்காரர் தைத்த பாவாடை என்று அவரவர் கைப்பாட்டின் பலன் கோயில் முற்றத்துக்கு வரும். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று மூப்பர் கூவுவார். ஒரு கிழவி கொண்டுவந்த நாட்டுக்கோழி முட்டையைக் கடைக்கார அண்ணாச்சி ஏலம் எடுத்து, காசையும் கொடுத்து, முட்டையையும் திரும்ப ஏலத்துக்கே விட்டுவிடுவார். அதை இன்னொருவர் எடுப்பார், அவரும் விட்டுவிடுவார். சந்தையில் சில ரூபாய் பெறும் முட்டை நூற்றுக்கணக்கில் போய்விடும். கிழவியின் முகத்தைப் பார்க்க வேண்டும் அப்போது.

இதெல்லாம் அசனத்தில் வந்து கூடும்.

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கோயில்களில் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி வருஷத்துக்கு ஒருமுறை ஊரே கூடிச் சமைத்துச் சாப்பிடுவதுதான் அசனப் பண்டிகை. கத்தோலிக்க ஊர்களில் அந்தோனியார் பெயரால் நடக்கும். சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு வராவிட்டாலும் அசனத்துக்கு வந்துவிடுவார்கள். அரிசி மூட்டை, கிடா, தேங்காய், விறகு எல்லாம் நேர்ச்சையாக வரும். பிள்ளை பிறந்ததற்கு, வேலை கிடைத்ததற்கு, காய்ச்சல் விட்டதற்கு என்று ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கும். இந்துக் குடும்பத்தாரும் கொண்டுவந்து இறக்குவார்கள், வந்து சாப்பிடவும் செய்வார்கள்.

முந்தின நாள் ராத்திரி பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பார்கள். வேப்பமரத்தில் கட்டிய டியூப்லைட்டைச் சுற்றிப் பூச்சி மொய்க்கும். கண்ணில் நீர் வழிய வழிய ஊர்க்கதை, மாமியார் கதை, மகனுக்குப் பெண் பார்க்கிற கதை எல்லாம் நடக்கும். பல மாதம் பேச்சில்லாமல் இருந்த இரண்டு மதினிமார் அங்கே ஒரே குவியலிலிருந்து வெங்காயம் எடுக்க வேண்டிவரும். "கத்திய இங்க தா" என்பதுதான் அவர்கள் சமாதானத்தின் முதல் வார்த்தையாக இருக்கும். புருஷன் பிழைப்புக்கு வளைகுடா போய் வருஷக்கணக்கில் தனியாக இருக்கிறவள் அந்தக் கூட்டத்தில்தான் வாய்விட்டு அழுவாள். வெங்காயத்தின் பேரில் போய்விடும் என்பதால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் யாராவது ஒருத்தி அவள் வீட்டில் போய் உட்கார்ந்திருப்பாள். இதைவிடப் பெரிய ஆற்றுப்படுத்தும் ஊழியத்தை நான் கண்டதில்லை.

ஆண்கள் கறி வெட்டுவதும் அடுப்பு மூட்டுவதுமாக இருப்பார்கள். நெடுங்குழி வெட்டி, அதன்மேல் வரிசையாக அண்டாக்கள். வடித்த சோற்றைப் பனையோலைப் பாயில் வெள்ளைத்துணி விரித்துக் கொட்டுவார்கள். ஆவி பறக்கக் குவியும் அந்தச் சோற்றின் முன்னால் சபைக் குருவான ஐயர் அங்கியோடு வந்து நின்று ஜெபம் பண்ணுவார். காலையில் பலிபீடத்தில் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரித்த அதே ஐயர், மத்தியானம் சோற்றுக் குவியலை ஸ்தோத்திரிக்கிறார். இரண்டும் ஒரே ஆராதனையின் இரண்டு பாதி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படி எடுத்துக்கொள்வதற்கு வேதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ஆதி சபையின் பெரிய சண்டைகள் பல, சாப்பாட்டுப் பந்தியில் வந்த சண்டைகள். கொரிந்து பட்டணத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். இப்படிச் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் கடிந்து எழுதினார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு பந்தியிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். அத்தனை பேர் முன்னிலையிலும் பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார். எருசலேமில் கிரேக்கு பேசும் விதவைகளுக்கு அன்றாட விசாரிப்பில் குறை வைக்கப்பட்டது. அப்போஸ்தலர்கள் அதற்கென்று ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேருக்கும் இருப்பது கிரேக்குப் பெயர்கள். முறையிட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே பரிமாறும் பொறுப்பு போயிருக்கிறது என்று அதிலிருந்து ஊகிக்கலாம். எங்கள் கமிட்டிக் கூட்டங்களில் இந்தப் பகுதியை வாசிக்க வேண்டும்.

ஏனென்றால் தமிழ்ச் சபையின் தீராத நோயும் இதே பந்தியில்தான் வெளிப்பட்டது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று ஆணையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் கோயிலை விட்டார்களே தவிரச் சாதியை விடவில்லை. மதுரையில் அமெரிக்க மிஷன் 1840-களின் கடைசியில் ஒரு சோதனையே வைத்தது. அன்பின் விருந்து என்று பெயர். ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் சமைத்த சாப்பாட்டை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உபதேசிமார் பலர் வேலையை விட்டுப் போனார்கள். விசுவாசப்பிரமாணத்தை ஒரு வார்த்தை தப்பாமல் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்த ஒரு கவளம்தான் தொண்டையில் இறங்கவில்லை. விருந்தை மிஷன் கட்டளையாகத் திணித்தது சரியா என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கலாம். ஆனால் எங்கே தொட்டால் வலிக்கும் என்பதை அவர்கள் சரியாகத் தொட்டார்கள்.

மிஷனரிகளும் இந்தப் பரீட்சையில் எப்போதும் தேறவில்லை. 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அசரியா எழுந்து, வெள்ளைக்கார ஊழியர்களுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே தியாகம் இருக்கிறது, தர்மம் இருக்கிறது, சிநேகம் இல்லையே என்கிற பொருளில் பேசினார். பனங்காட்டுப் பிள்ளை அந்தச் சபையில் நின்று அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்!

அந்தத் துணிவு இன்று எங்களுக்கு எங்கள் ஊருக்குள்ளேயே தேவைப்படுகிறது. தென் திருவிதாங்கூரில் தோள்சீலை அணிகிற உரிமைக்கே 1859 வரை போராடிய மக்களின் சந்ததிகள் தெற்கத்திச் சபைகளில் நிறையப் பேர். கோயில் தெருவில் நடக்க முடியாமல், குடை பிடிக்க முடியாமல் இருந்த பாட்டன்மாரின் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள். அவர்களுடைய சில ஊர்களிலேயே கடைசித் தெருக்காரர்களுக்குத் தனிக் கோயில், தனிக் கல்லறைத் தோட்டம். அசனத்துக்கு அந்தக் கடைசித் தெருக்காரர்கள் வருவார்கள், தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பந்தியில் உட்காருகிறவர்கள் குறைவு. அண்டாப் பக்கம் நின்று சட்டுவம் பிடிக்கிறவர்கள் இன்னும் குறைவு. இதைச் சொன்னால், "அவங்கள வேண்டாம்னு யாரு சொன்னா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லைதான். வாருங்கள் என்று யார் போய்ச் சொன்னார்கள் என்பதே என் கேள்வி.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். ராத்திரி முழுக்க வெங்காயம் உரித்தவர்கள் பல ஊர்களில் கடைசிப் பந்திக்குத்தான் இலை முன் உட்காருகிறார்கள். அதற்குள் கறி தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

இப்போது நகரத்துச் சபைகளில் பொட்டல பிரியாணி வந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் வாசலில் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடலாம். கேட்டரிங்காரருக்குப் பணம் கட்டினால் போதும், வெங்காயம் உரிக்க வேண்டாம், அண்டா தேய்க்க வேண்டாம். வேலைக்குப் போகிறவர்களின் நேர நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படி வாங்கிப் போகிறவர் யாருக்குப் பக்கத்திலும் உட்காருவதில்லை. "இந்த இலைக்கு இன்னுங் கொஞ்சம் சோறு போடு" என்று அடுத்தவருக்காகக் கேட்பதில்லை. பிடியரிசிக்குப் பதில் க்யூஆர் அட்டை வந்ததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, காசு போகிற இடம் அதேதான். பந்தியை விட்டுவிட்டோமானால் அந்த இடத்தை நிரப்ப எதுவும் இல்லை. மாடிக் குடியிருப்பில் மாதம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்கள், ஜெபம் முடிந்ததும் கொடுக்கிற சுண்டலோடும் காபியோடும் அனுப்பாமல், ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து தரையில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடப் பழகலாம். சில வீடுகளில் செய்கிறார்கள். அந்தக் கூட்டங்கள் சீக்கிரம் கலைவதில்லை. வேலை போன செய்தி, ஸ்கேன் ரிப்போர்ட், பிள்ளையின் பிடிவாதம் எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வாய்க்கு வருகின்றன.

ஊர்களில் அசனத்துக்கு ஒரு மாதம் முன்பே கமிட்டி கூடும். அரிசி எத்தனை மூட்டை, கிடா எத்தனை, பந்தல் யாரிடம், மைக் செட் யாரிடம் என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலில் இரண்டு வரி கூடுதலாக எழுதச் சொல்கிறேன். இந்த வருஷம் அடுப்பிலும் பரிமாறுவதிலும் எந்தெந்தத் தெருக்காரர்கள் நிற்கிறார்கள் என்று ஒன்று. போன வருஷம் பந்திக்கு வராத வீடுகள் எவை என்று இன்னொன்று. அந்த வீடுகளுக்கு நோட்டீஸ் அனுப்பினால் போதாது. ஐயரும் மூப்பர்களும் நேரில் போக வேண்டும். போனால் வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பாமல், உள்ளே போய் உட்கார்ந்து, அவர்கள் கொடுப்பதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகு அசனத்துக்கு அழைக்க வேண்டும்.